நல்லவாடு ஒலிபெருக்கியும் சிங்கப்பூர்த் தொலைபேசியும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்னதாகச் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதிலிருந்து எழுந்த ஆழிப்பேரலை வங்கக் கடலைத் தாண்டித் தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த இரண்டு மணி நேரம் முழுதும் வீணாயிற்று. இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். புதுச்சேரிக் கடலோரத்தில் நல்லவாடு என்றொரு மீனவ ஊர் உண்டு. அங்கே சுமார் 150 வீடுகள் இடிந்தன, 200 படகுகள் சேதமடைந்தன. ஆனால் அவ்வூரில் வாழ்ந்த சுமார் 3,600 பேரில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

அந்த ஊர் மீனவர் ஒருவரின் மகன் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பேரலைச் செய்தியைக் கேட்டதும் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக்குள் கடல்நீர் கசிந்து வருவதாக மறுமுனையில் சொன்னார்கள். உடனே வெளியேறுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். ஊர் மக்களுக்குத் தேவையான செய்திகளைத் தரும் அறிவு மையம் ஒன்று அங்கே இருந்தது. ஊரார் அதன் கதவை உடைத்து உள்ளே நுழைந்து, நாள்தோறும் கடல் நிலவரம் அறிவிக்கப் பயன்பட்டுவந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கையைச் சொன்னார்கள். தொடர்ந்து அபாயச் சங்கையும் ஒலிக்கவிட்டார்கள். ஊர் காலியானது. பிறகு அலை வந்தது.

சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் தொலைபேசி அழைப்போடு நிறுத்திக்கொள்கிறோம். அதில் நமக்கு இயல்பான பெருமிதம் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆயினும் ஓர் அழைப்பால் ஒரு வீட்டைத்தான் எச்சரிக்க முடியும். 3,600 பேரை எச்சரிக்க வேண்டுமானால் வேறு மூன்று ஏற்கெனவே அங்கே இருந்தாக வேண்டும்: வேலை செய்யும் ஒலிபெருக்கி, அதிலிருந்து வரும் குரலை நம்பிப் பழகிய காதுகள், யாரிடமும் அனுமதி கேட்காமல் அதை எடுத்துப் பயன்படுத்தத் தமக்கு உரிமை உண்டு என்ற துணிவு. ஒலிபெருக்கியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். மற்ற இரண்டும் எப்படி வந்தன என்பதே இக்கட்டுரை விளக்க முயலும் செய்தி. ஏனெனில் ‘சமூகமே முன்னின்று நடத்தும் வளர்ச்சி’ என்று அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளில் நாம் அடிக்கடி காணும் தொடருக்குப் பொருள் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

நல்லவாட்டின் அறிவு மையத்தை நிறுவியது சென்னைத் தரமணியில் இயங்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த வேளாண் அறிவியலாளர் சுவாமிநாதனுக்கு 1987-இல் முதலாவது உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுத் தொகையை முதலாகக் கொண்டு 1988-இல் இவ்வறக்கட்டளை தொடங்கப்பட்டது. இந்தியாவின் பசுமைப் புரட்சியில் அவருக்கு இருந்த பங்கு பலரும் அறிந்தது; அப்புரட்சி நிலத்தடி நீரையும் மண்ணையும் நாட்டு விதைகளையும் என்ன செய்தது என்று இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் போன்றோர் வாழ்நாளெல்லாம் எழுப்பிய கேள்விகளும் பலர் அறிந்தவையே. அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. ஏழைகளுக்கும் பெண்களுக்கும் இயற்கைக்கும் சாதகமாக இருக்க வேண்டும் என்று அறக்கட்டளை தனக்கு வகுத்துக்கொண்ட நெறியில், அந்தக் கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட ஒரு பதிலும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

கிராம அறிவு மையங்கள் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில், வில்லியனூரை நடுமையமாகக் கொண்டு தொடங்கின. அன்றைய நிலைமையை நினைவுபடுத்திக்கொண்டால்தான் அந்த முயற்சியின் அருமை புரியும். கைப்பேசி பரவாத காலம். ஊர்களில் தொலைபேசி இணைப்பு அரிது. இருந்தாலும் அடிக்கடி பழுதாகும். மின்சாரம் போய் வரும். எனவே ஊருக்கு ஊர் தகவல் அனுப்ப வானலைக் கருவிகளும், மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகளும் பொருத்தப்பட்டன. வெளிநாட்டு நிதியுதவி, குறிப்பாகக் கனடாவின் ஆய்வு நிதி, இதற்குக் கிடைத்தது. தொழில்நுட்பம் தொடர்பான இந்தப் பகுதியைத்தான் அன்றைய செய்தி ஊடகங்கள் வியந்து எழுதின.

என்னைக் கவர்ந்தது அதற்கு முந்திய வேலை. கணினியை இறக்குவதற்கு முன்பு ஊர் ஊராகச் சென்று, உங்களுக்கு எந்தச் செய்தி தேவை, இப்போது அதை யாரிடமிருந்து பெறுகிறீர்கள், அவரை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்த பதில்கள் படித்தவர்கள் எதிர்பார்த்தவையாக இல்லை. உலக அறிவைக் கேட்டவர் குறைவு. எந்த மருத்துவமனையில் இன்று மருத்துவர் இருக்கிறார், நெல் என்ன விலை போகிறது, உரம் வந்துவிட்டதா, எந்த அரசுத் திட்டத்துக்கு நான் தகுதி பெறுகிறேன், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். கடைசிக் கேள்வி சாதாரணமானதன்று. அந்தப் பட்டியல் அதுவரை அலுவலக அலமாரிகளில் இருந்தது. ஊர்க் கணினியில் எல்லாரும் பார்க்கும்படி அது வந்தபோது, பெயர் இருந்தும் உதவி கிடைக்காதவர்களின் கையில் ஒரு சான்று வந்தது. மையங்களிலிருந்து ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் இதழும் வெளிவந்தது. தலைப்பே ஊர்ப் பேச்சில் அமைந்திருந்ததைக் கவனிக்கலாம்.

அடுத்தது நிபந்தனைகள். மையத்துக்கு இடத்தை ஊர்தான் வாடகையின்றித் தர வேண்டும். அது தனியாரின் திண்ணையாக இல்லாமல், எந்தச் சாதியினரும் கூச்சமின்றி நுழையக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும். நடத்தும் தன்னார்வலர்களை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றை அறிந்த எவருக்கும் இந்த நிபந்தனைகள் எவ்வளவு கடினமானவை என்பது தெரியும். ஊர்ப் பொது இடம் என்று சொல்லப்படுவதில் யாருக்குப் பொது என்ற கேள்வி எப்போதும் மறைந்திருக்கும். ஒரு கணினியை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவது இதைவிட எத்தனையோ எளிது.

கடலோர ஊர்களில் தேவை வேறாக இருந்தது. வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டுவந்த அலை முன்கணிப்பை நாள்தோறும் இறக்கி, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எங்கோ போர்க்கப்பல்களுக்காகக் கணிக்கப்பட்ட எண், விடியற்காலையில் கட்டுமரம் தள்ளும் ஒருவருக்கு இன்று கடலுக்குப் போகலாமா என்று சொல்லும் குரலாயிற்று. ஆண்டுக்கணக்கில், சொன்னது பெரும்பாலும் பலித்ததால், அக்குரலின்மீது நம்பிக்கை வளர்ந்தது. 2004-இன் அந்தக் காலைப்பொழுதில் நல்லவாட்டு மக்கள் தயங்காமல் ஓடியதற்கு இந்தப் பழக்கமே அடிப்படை என்று கருதுகிறேன். அன்று ஒலிபெருக்கி முதன்முதலாகப் பேசியிருந்தால் எத்தனை பேர் செவிசாய்த்திருப்பார்கள்?

இம்மையங்களின் பிற்காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2007-க்குள் இந்தியாவின் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் அறிவு மையம் என்ற பெருங்கனவு முன்வைக்கப்பட்டது. அது கனவு கண்டபடி நிறைவேறவில்லை. அதே காலத்தில் அரசு தொடங்கிய பொதுச் சேவை மையங்கள், கட்டணம் வாங்கி நடத்தும் தனிமனிதத் தொழில்முனைவோரைச் சார்ந்து வளர்ந்தன. கைப்பேசி வந்தபின் நெல் விலையைக் கேட்க யாரும் மையத்துக்கு நடக்க வேண்டியதில்லை. கடல் நிலவரத்தை மீனவரின் கைப்பேசிக்கே கொண்டுசேர்க்கும் செயலியை அறக்கட்டளையே பின்னர் உருவாக்கியது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் அமைந்தது. நிதி நின்றபின் தன்னார்வலர்கள் எதைக் கொண்டு மையத்தை நடத்துவார்கள் என்ற கேள்வி தொடக்கம் முதல் இறுதிவரை முழுமையாகத் தீரவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தேவைக்காக எழுந்த ஏற்பாடு, அத்தேவை வேறு வழியில் நிறைவேறியபின் சுருங்குவது இயல்பு. ஆனால் தன்னார்வலர்களின் உழைப்பை விலையில்லாததாகக் கணக்கிட்டுத் திட்டம் தீட்டும் வழக்கம் இன்றும் அறப்பணி உலகில் தொடர்கிறது. அது தவறு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அறக்கட்டளையின் பணிகளில் நான் மிகவும் மதிப்பது பிச்சாவரத்தில் நடந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள அலையாத்திக் காடு அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான தில்லை மரமே அலையாத்திக் காட்டு மரம்தான் என்பதைப் பல பக்தர்கள் அறியமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்காட்டின் பெரும்பகுதி வெற்றுத் திடலாகிக் கிடந்தது. காரணம் கேட்டால் ஆயத்தமான பதில் ஒன்று இருந்தது: சுற்றுவட்டார மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடுகளை மேய விடுகிறார்கள். எனவே தீர்வும் ஆயத்தமாக இருந்தது: வேலி போடு, ஆளை விரட்டு, நாற்று நடு. நட்ட நாற்றுகள் செத்தன.

அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் மண்ணையும் பழைய வனப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை வனத்துறை இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒட்ட வெட்டிவந்தது. மரம் போனதும் சேற்று நிலத்தில் வெயில் நேரடியாக விழுந்தது. மண்ணிலிருந்த நீர் ஆவியாகி நிலம் உள்வாங்கியது. நடுவில் தாழ்ந்து தொட்டிபோல் ஆனது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் காயக் காய உப்பு ஏறியது. உப்புநீரில் வளரும் கண்டல் செடிக்கே தாங்காத அளவுக்கு உப்பு. அந்த மண்ணில் எத்தனை நாற்று நட்டாலும் என்ன பயன்? மாடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும் இல்லாமலில்லை. ஆனால் முதற்காரணம் அவை அல்ல. பல பத்தாண்டுகளாகப் பழி சுமந்தவர்கள் உண்மையில் அந்தக் காட்டின் மீனையும் இறாலையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. மீன்முள் வடிவில், நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்தது, உப்புக் கழுவப்பட்டது, வாய்க்கால் கரைச் சரிவில் நட்ட கண்டல் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் வண்டல் படியும். ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். அதைச் செய்யப்போவது யார்? இங்கேதான் ஊர்க்குழுக்கள் வந்தன. வனத்துறையும் கிராமங்களும் அறக்கட்டளையும் சேர்ந்து காட்டை நிர்வகிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று ஊரார் பங்கேற்றுத் திட்டம் வகுத்தார்கள். முத்துப்பேட்டையிலும் இவ்வழி பின்பற்றப்பட்டது.

அப்பகுதியில் வாழும் இருளர் குடும்பங்கள் படகும் வலையுமின்றி, நீரில் தவழ்ந்து கையால் துழாவி இறால் பிடித்தவர்கள். பழங்குடிச் சான்றிதழ்கூடக் கைக்கு வராத நிலையில் அரசின் எந்த உதவிக்கும் அவர்கள் விண்ணப்பிக்க இயலவில்லை. காட்டைக் காக்க வந்தவர்கள் அந்தச் சான்றிதழுக்காகவும் அலைந்தார்கள். எம்ஜிஆர் நகர் என்ற அவர்களது குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது. மரம் நடும் திட்டத்தில் சாதிச் சான்றிதழுக்கு என்ன வேலை என்று நிதி தருபவர் கேட்கக்கூடும். சான்றிதழ் இல்லாத பிள்ளை மேற்படிப்புக்குப் போக முடியாது. போகாத பிள்ளை மீண்டும் அதே நீரில் துழாவும். காட்டின் எதிர்காலமும் அந்தப் பிள்ளையின் எதிர்காலமும் ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன.

பேரலையின்போது பிச்சாவரத்து அலையாத்திகளுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் குறைவாகப் பாதிக்கப்பட்டன என்று 2005-இல் அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒன்று கூறியது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே முதன்மைக் காரணம் என வேறு அறிவியலாளர்கள் மறுத்து எழுதினார்கள். காடு எந்த அலையையும் தடுத்துவிடும் என்று மேடைகளில் பேசுவது ஆபத்து. ஒரு கரையோர ஊர் அதை நம்பி எச்சரிக்கையைப் புறக்கணித்துவிடக்கூடும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சிக்கல் வேறுவிதம். வல்வில் ஓரி ஆண்ட மலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியங்களில் பலப்பல நாட்டு வகைகள் அங்கே விளைந்தன. அறுவடை தொம்பை எனப்படும் தானியக் குதிர்களில் சேமிக்கப்பட்டது. அடிவாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதும் மலையில் மரவள்ளி ஏறியது, சிறுதானியம் இறங்கியது. பணப்பயிர் ஆசை என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடலாம். மலைப் பெண்களிடம் கேட்டவர்களுக்கு இன்னொரு காரணம் தெரிந்தது. சாமையை உமி நீக்கி அரிசியாக்குவது உரலும் உலக்கையுமாக நாளெல்லாம் செய்ய வேண்டிய வேலை. நியாயவிலைக் கடை அரிசியைக் கழுவி உலையில் போட்டால் போதும். எந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஆகவே பாரம்பரியப் பெருமை பேசுவதை விட்டு, உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களில் நிறுவி, அவற்றை மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். விதை வங்கிகளும் குழுக்களின் கையில் இருந்தன. வாங்கிய விதையை அறுவடையில் கூடுதலாகத் திருப்பித் தருவது முறை. பின்னர் குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பாயின. மரவள்ளி மலையைவிட்டுப் போய்விடவில்லை, போகப்போவதும் இல்லை. ஆயினும் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது, விதைக்க விதை அங்கே மிஞ்சியிருந்தது.

ஒடிசாவின் கோராபுட்டிலும் இதே வகைப் பணி நடந்தது. நாட்டு நெல் வகைகளைக் காத்த அங்குள்ள பழங்குடிச் சமூகத்துக்கு 2002-இல் ஜோகனஸ்பர்க்கில் நடந்த ஐ.நா. நீடித்த வளர்ச்சி மாநாட்டையொட்டிப் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றது அறக்கட்டளையின் பெயரில் அன்று, அச்சமூகத்தின் பெயரில் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி நம் ஊருக்கு வருவோம். ‘சமூகமே நடத்துவது’ என்பது சிங்கப்பூர்த் தமிழருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமன்று. கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே உழைத்த முஸ்லிம்கள், தங்கள் சங்கத்தின் வழி 1946-இல் தஞ்சோங் பகாரில் தொடங்கிய பள்ளிதான் பின்னர் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982-இல் அது மூடப்பட்டாலும் பியட்டி சாலையிலுள்ள தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னெடுத்த ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் துறைமுகத் தொழிலாளரும் துப்புரவுத் தொழிலாளரும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். பெரிய செல்வர் ஒருவர் ஒரே காசோலையில் தந்திருக்கக்கூடிய தொகைதான். ஆனால் ஒரு வெள்ளி கொடுத்தவர் ஒவ்வொருவரும் அந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை தம்முடையது என்று சொல்லும் உரிமையைப் பெற்றார்.

சிண்டா என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991-இல் அமைக்கப்பட்டபோது அந்த ஒரு வெள்ளி மரபு சட்டத்துக்குள் வந்தது. இந்திய வம்சாவளியினரின் மாதச் சம்பளத்திலிருந்து, ஊதிய அளவைப் பொறுத்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளிவரை, மத்திய சேமநிதிக் கழகத்தின் வழி இச்சங்கத்துக்குச் செல்கிறது, விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம். துணைப்பாட வகுப்புகளும், சிறு பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கும் தொண்டூழியர் திட்டமும் இப்பணத்தில் நடக்கின்றன. நம்மில் பலர் சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்தும் பாராமல் கடக்கிறோம். கொடுப்பது தானாகவே நடந்துவிடும்போது கேட்பது குறைந்துபோகிறது. ஆண்டறிக்கை பொதுவில் இருக்கிறது. அதைப் படிப்பதும், பிள்ளைகளுக்கு இன்று எது தேவை என்று சொல்வதும் அந்த 1 வெள்ளியோடு சேர்ந்து வரும் உரிமை.

ஊருக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கான விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்ப, அறநிறுவனங்கள் ஆணையாளரின் அனுமதி தேவை. திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு இங்கேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கப்படுவதுண்டு. ஒருவர் தம் சொந்தப் பணத்தைத் தருவது வேறு. தகுதிபெற்ற பொதுநல அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்குக் கிடைக்கும் 250 விழுக்காட்டு வரிக் கழிவும் உள்நாட்டு அறப்பணிகளுக்கு உரியது; ஊர்ப் பள்ளிக்கு அனுப்பும் பணத்துக்குக் கிடைக்காது.

மறுகரையில் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இங்கே சம்பாதித்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர்க் குடிமகன் அனுப்பினால், அவர் அதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அச்சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதைப் பெறலாம். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அத்தகைய பணம் முதலில் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது.

கடைசி நிபந்தனை நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. முன்பு ஒரு பெரிய அறக்கட்டளை வெளிநாட்டு நிதியைப் பெற்று, மலையிலோ கரையிலோ உள்ள சிறிய ஊரமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடிந்தது. செலவை ஊரமைப்பு தீர்மானித்தது. இப்போது பெரிய அமைப்பே நேரடியாகச் செலவிட வேண்டியிருக்கிறது. முறைகேட்டைத் தடுப்பதற்கு என்று அரசு விளக்கம் தந்தது. அந்தக் கவலைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கெழுதவும் வங்கிக்குப் போகவும் தவறு செய்து திருத்தவும் ஊரமைப்புக்கு இருந்த வாய்ப்பு இதனால் குறுகிவிட்டது. ஊரார் பங்கேற்றார்கள் என்று அறிக்கையில் எழுத முடிகிறது. காசோலையில் கையெழுத்திட்டார்கள் என்று எழுத முடிவதில்லை.

நண்பர்கள் இருவர், இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், தாங்கள் படித்த ஊர்ப் பள்ளிக்குக் கணினிகள் வாங்கித் தரச் சென்ற ஆண்டு விரும்பினார்கள். பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன்: இப்போது உங்களுக்கு முதலில் தேவைப்படுவது எது, அது பழுதானால் சரிசெய்வது யார், அதை யார் பெயரில் வைப்பீர்கள்? பெற்றோர் கூட்டம் கூட்டிப் பேசியபின் ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. கணினிக்கு அவசரமில்லையாம். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் பெரிய வகுப்புப் பெண்கள் மாதத்தில் சில நாள் வருவதில்லை. நீர் ஏற்றும் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வேண்டும். மோட்டாரைப் பார்த்துக்கொள்ள அதே தெருவில் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். மின்கட்டணத்தைப் பெற்றோர் சங்கம் கட்டும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மோட்டார் தலைமையாசிரியர் பெயரிலா, பெற்றோர் சங்கத்தின் பெயரிலா என்று மீண்டும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் பொங்கலுக்குப் பிறகு என்று தகவல்.